ஃபைபரா, ஏர்ஃபைபரா: எந்தப் பங்கில் பணம் போடலாம்?

கரூர் வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தெருவில் மின்கம்பம் வழியாக ஃபைபர் இணைப்பு வாங்கியிருந்த சில வீட்டார், உயரமான லாரி போகும்போதெல்லாம் கேபிள் அறுந்து, அதை ஒட்ட ஆள் வருவதற்குள் இரண்டு நாள் ஓடிவிடுவதால் சலித்துப்போய், மொட்டைமாடியில் பெட்டி வைத்து டவரிலிருந்து கம்பியில்லாமல் இணையம் பெறும் 5ஜி ஏர்ஃபைபருக்கு மாறிவிட்டனர். அடுத்து செயற்கைக்கோள் இணையமும் வரும் என்கிறார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முதலீடு செய்ய எண்ணும் எனக்கு எந்தப் பங்கு பொருந்தும்? ஃபைபர் கேபிள் தயாரிப்பாளர்களையும் கேபிள் டிவி நிறுவனங்களையும் கவனித்து வருகிறேன்.

பங்கு மாணவன்:
இந்தியாவில் ஒரு தொழில்நுட்பத்தை மட்டும் நம்பிப் பணம் போட அநேகமாக வழியில்லை. 2023இல் ஏர்டெல் ஆகஸ்டிலும் ஜியோ செப்டம்பரிலும் ஏர்ஃபைபரைத் தொடங்கின. ஃபைபர் இணைப்பை விற்பவையும், 2025 மார்ச்சில் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையத்துக்காக அதை நடத்தும் ஸ்பேஸ்எக்ஸுடன் ஒப்பந்தம் செய்தவையும் அவையே. ஆகவே எது வென்றாலும் வாடிக்கையாளர் பெரும்பாலும் இவ்விருவரிடமே இருப்பார். பார்க்க வேண்டியது செலவுக் கணக்கு. ஃபைபரில் தெருவரை கேபிள் இழுக்கும் பணம் முதலிலேயே போய்விடும்; அத்தெருவில் எத்தனை வீடுகள் சேர்கின்றன என்பதைப் பொறுத்தே அது திரும்பும். ஏர்ஃபைபரோ, 2022 ஏலத்தில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி ரூபாய்க்கு அரசு விற்ற அலைக்கற்றையில் மிச்சமிருக்கும் கொள்ளளவை விற்கிறது. கைபேசிக்காரரைவிடப் பல மடங்கு டேட்டா இழுக்கும் வீடுகள் ஒரே டவரின்கீழ் பெருகினால் அந்த மிச்சம் தீர்ந்துவிடும். அதன்பின் நெரிசலான பகுதிகளில் ஃபைபரையே நாட வேண்டும்.

ஓய்வுபெற்ற பொறியாளர்:
கேபிள் டிவி பங்குகள் மலிவாகத் தெரிவதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஹாத்வே, டென் என்ற இரு கேபிள் டிவி நிறுவனங்களிலும் பெரும்பங்கை 2018இல் ஜியோவின் தாய் நிறுவனமான ரிலையன்ஸ் வாங்கிக்கொண்டது. சிறு பங்குதாரர் அங்கே பின்சீட்டுப் பயணிதான். அமெரிக்காவில் ஃபைபரும் 5ஜி வீட்டு இணையமும் இருபுறமும் நெருக்குவதால், 2025இன் இரண்டாம் காலாண்டில் 1,17,000 இணைய வாடிக்கையாளர்களை இழந்த சார்ட்டர் என்ற கேபிள் நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் 18 விழுக்காடு சரிந்தது.

பங்கு மாணவன்:
கேபிள் தயாரிப்பாளர்கள் குறித்து: ஏர்ஃபைபர் வென்றாலும் டவருக்கு ஃபைபர் வேண்டும் என்பதால் தேவை அழியாது. ஆனால் விலை இவர்கள் கையில் இல்லை. சீனாவில் தேவை குறைந்து 2019இல் உலகெங்கும் ஃபைபர் விலை வீழ்ந்தபோது, ஃபைபர் கேபிள் தயாரிக்கும் ஸ்டெர்லைட் டெக்னாலஜிஸின் பங்கு 2018ஆம் ஆண்டு உச்சத்தில் பாதிக்கும் கீழே இறங்கியது. கிராமங்களுக்கு ஃபைபர் கொண்டுசெல்லும் பாரத்நெட் போன்ற அரசுத் திட்டங்களின் டெண்டர்களிலும் ஆர்டர் கிடைத்ததற்கும் பணம் வந்து சேர்வதற்கும் நெடிய இடைவெளி உண்டு. வாங்குவதானால், லாபத்தோடு வசூலாகாத பாக்கி எவ்வளவு என்பதையும் ஆண்டறிக்கையில் பாருங்கள்.

கரூர் வாசகர்:
நன்றி ஐயா. கேபிள் டிவி பங்குகளை விட்டுவிடுகிறேன். செயற்கைக்கோளைப் பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லையே?

ஓய்வுபெற்ற பொறியாளர்:
நகரத்துச் செயற்கைக்கோள் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்று 2025 மே மாதம் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் பரிந்துரைத்ததே அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. மலைக்கிராமத்துக்கும் எஸ்டேட்டுக்கும் அது பயன்படும். கரூரில் அதற்காகப் பங்கு வாங்க வேண்டியதில்லை.