ஒற்றைக் கோட்டை வைத்து விண்மீன் மண்டலத்தின் செம்பெயர்ச்சியைச் சொல்ல முடியுமா?

கேள்வி

தொலைதூர விண்மீன் மண்டலங்களின் செம்பெயர்ச்சியை (புறப்பட்ட அலைநீளத்தோடு ஒப்பிட ஒளி எத்தனை மடங்கு கூடுதலாக நீண்டு வந்திருக்கிறது என்ற அளவு; அது கூடினால் தொலைவும் கூடும்) அண்மை அகச்சிவப்பு நிறமாலையில் தெரியும் உமிழ்வுக் கோடுகளை, அதாவது வாயுக்கள் தமக்கே உரிய அலைநீளங்களில் வெளியிடும் ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால், 2.17 மைக்ரானில் (2170 நானோமீட்டரில்) ஒரே ஒரு கோடு மட்டும் கிடைத்தால் என்ன செய்வார்கள்? அது 656.3 நானோமீட்டரில் புறப்பட்ட ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு என்றால் செம்பெயர்ச்சி ஏறத்தாழ 2.31, 500.7 நானோமீட்டரில் புறப்பட்ட ஆக்சிஜன் கோடு என்றால் 3.33. கோட்டின்மேல் பெயர் எழுதியிருப்பதில்லையே. இரண்டாவதாக, பல வடிகட்டிகள் வழியே எடுத்த படங்களில் உள்ள நிறத்தை வைத்தே தொலைவை மதிப்பிடலாம் என்கிறார்கள். அப்படியானால் நிறமாலை எதற்கு?

முதல் பதில்

கோடு உண்மையிலேயே தனியாக நிற்கிறதா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 500.7 நானோமீட்டர் ஆக்சிஜன் கோட்டுக்கு 495.9இல் ஓர் இணை உண்டு. அதன் ஒளிர்வு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவே இருக்கும். அந்த விகிதத்தை நிர்ணயிப்பது அணுவின் இயல்பு என்பதால், எந்த விண்மீன் மண்டலமும் அதை மாற்ற முடியாது. ஆகவே உங்கள் கோடு ஆக்சிஜன் என்றால் 2.149 மைக்ரானில் மங்கலான துணை ஒன்று தெரிந்தாக வேண்டும். ஹைட்ரஜன் என்றால் நைட்ரஜன் கோடுகள் இருபுறமும் ஒட்டி நிற்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை: கன தனிமங்கள் குறைந்த இளம் மண்டலங்களில் நைட்ரஜன் மிக மெலிந்திருக்கும், எனவே அது தெரியாததை மட்டும் வைத்து ஹைட்ரஜன் இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. அதைவிட நம்பகமான வழி, செம்பெயர்ச்சி 2.31 என்று வைத்துக்கொண்டு, ஆக்சிஜன் கோட்டை 1.655 மைக்ரானில் தேடிப் பார்ப்பது.

இரண்டாவது பதில்

மேலே சொன்னது சரி, ஆனால் தரையிலிருந்து நோக்கும்போது அந்தத் துணைக்கோடு கண்ணுக்குப் படுவதே பெரும்பாடு. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள ஹைட்ராக்சில் மூலக்கூறுகள் இரவு முழுவதும் அகச்சிவப்பில் ஒளிர்ந்து, நிறமாலை நெடுகிலும் நூற்றுக்கணக்கான கூர்மையான கோடுகளை வரைந்துவிடுகின்றன. தேடும் கோடு அவற்றுள் ஒன்றன்மேல் விழுந்தால் அதைப் பிரித்தெடுப்பது கடினம். போதாததற்கு, நீராவி சில அலைநீளங்களை அடியோடு மறைக்கிறது. செம்பெயர்ச்சி 1.8 உள்ள மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹைட்ரஜன் ஆல்ஃபா 1.84 மைக்ரானிலும் ஆக்சிஜன் 1.40 மைக்ரானிலும் வரும். இரண்டுமே நீராவி உறிஞ்சும் பட்டைகளில் சிக்கிக்கொள்ளும். ஹவாயின் மவுனா கியா உச்சியில் உள்ள கெக் தொலைநோக்கியின் மாஸ்ஃபையர் நிறமாலைக் கருவி, பல மண்டலங்களின் ஒளியைத் தனித்தனியே உள்வாங்க ஒரே நேரத்தில் 46 பிளவுகள் வரை அமைத்துக்கொள்ளக் கூடியது என்றாலும், இந்தத் தடையை அதனாலும் கடக்க முடியாது. ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் நிறமாலைக் கருவியான நிர்ஸ்பெக் 0.6 முதல் 5.3 மைக்ரான் வரை இடைவெளியின்றிப் பார்க்கிறது. என் கருத்தில், அதன் பெரிய ஆடியைவிட இந்தத் தொடர்ச்சிதான் உங்கள் சிக்கலுக்குப் பெரிய விடை.

கேள்வி கேட்டவர்

நன்றி. நிறத்தைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது.

மூன்றாவது பதில்

அதற்கு நடந்த சம்பவமே பதில். 2022இல் வெப் படங்களில் சீர்ஸ்-93316 என்ற மங்கலான பொருளின் நிறத்தைக் கொண்டு அதன் செம்பெயர்ச்சி 16 அளவில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். பிறகு நிர்ஸ்பெக் நிறமாலை எடுத்தபோது அது 4.9 என்று தெரிந்தது. 2.96 மைக்ரானில் ஆக்சிஜனும் 3.88இல் ஹைட்ரஜனும் மிக வலுவாக ஒளிர்ந்து, அகன்ற வடிகட்டிகளின் அளவுகளை உயர்த்தி, வெகுதொலைவு மண்டலத்தின் நிறத்தை அப்படியே போலி செய்திருந்தன. வடிகட்டி தன்னுள் விழும் ஒளியை மொத்தமாகக் கூட்டிச் சொல்கிறதே தவிர, அது எந்தக் கோட்டிலிருந்து வந்தது என்று சொல்வதில்லை.

ஆயினும் ஒற்றைக் கோடு பயனற்றது என்று எண்ண வேண்டாம். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 மண்டலத்தின் நிர்ஸ்பெக் நிறமாலையில், ஹைட்ரஜன் வாயு 121.6 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீள ஒளியை விழுங்கியதால், ஏறத்தாழ 1.85 மைக்ரானுக்குக் கீழே ஒளி அறுந்துபோயிருந்தது. 2024இல் அதைக் கொண்டு செம்பெயர்ச்சி 14.3 எனக் கணித்தார்கள். அந்த அறுபடும் விளிம்பு சற்று மழுங்கலானது என்பதால் பிழைவரம்பு இருந்தது. பின்னர் சிலியின் ஆல்மா வானொலித் தொலைநோக்கி ஆக்சிஜனின் ஒரே ஒரு கோட்டைக் கண்டு 14.18 என்று திருத்தியது. எந்தக் கோடு, எந்த அலைநீளத்துக்கு அருகில் வரும் என்பது முன்பே தெரிந்திருந்ததால் அங்கே ஒன்றே போதுமானதாயிற்று.