போர்ஹோல்ல 20 மீட்டர் ஆழத்துல இலை வந்துச்சு, சேத்த வச்சு பழைய மழை வெயில எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க?

மண்துளை:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க சிங்கப்பூர்ல சாயில் இன்வெஸ்டிகேஷன், அதாவது கட்டடம் கட்டுறதுக்கு முன்ன மண்ணச் சோதிக்கிற வேலையில 6 வருஷமா இருக்கேன், ஊர் சிவகங்கை பக்கம். போன வாரம் காலாங் பக்கத்துல ஒரு சைட்ல போர்ஹோல் போட்டோம். மேல ரொப்புன மண்ணு, அதுக்குக் கீழ நம்ம வேலையில எல்லாருக்கும் தெரிஞ்ச சாம்பல் கலர் மரைன் கிளே (கடல் களிமண்ணு), கொழகொழன்னு, நடுநடுவுல பொடிப்பொடியா சிப்பி. 20 மீட்டர் தாண்டி எடுத்த ஒரு சாம்பிள் டியூப்போட அடியில மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு நார்நாரா வேற மாதிரி வந்துச்சு, அழுகுன முட்டை வாடை. விரலால பிரிச்சுப் பாத்தா உள்ள இலை. நரம்பு கூடத் தெரியுது. பிரிச்சப்ப செம்பழுப்பா இருந்தது, நான் பாத்துட்டு இருக்கும்போதே காத்து பட்டு கருத்துப்போச்சு.

லாக் ஷீட்ல 'பீட்'னு (பாதி மக்குன செடிகொடிப் படிவு) ஒரு வார்த்தை எழுதிட்டு அடுத்த டியூபுக்குப் போயிட்டாங்க. எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல, 20 மீட்டர் கீழ, கடல் சேத்துக்கும் அடியில மரத்து இலை எப்படி வந்துச்சுன்னு. ஏரி அடிச்சேத்த உருளையா எடுத்து 10,000 வருஷத்துக்கு முன்ன மழை எப்படின்னு சொல்றதா ஒரு வீடியோவுல பாத்திருக்கேன். சேத்துல அதெல்லாம் எப்படித் தெரியும்? இன்னொன்னு, எங்க ஊர் கண்மாய்ல இதே மாதிரி எடுத்தா பாண்டியர் காலத்து மழை தெரியுமா?

வண்டல்வாசி:
அண்ணே, உங்க கையில இருந்தது சும்மா பீட் இல்ல. நான் வண்டல் ஆராய்ச்சி லேப்ல வேலை பாக்குறேன், படிச்சதும் எனக்கு அந்த டியூபப் பாக்கணும்போல இருக்கு.

மொதல்ல இலை. பனியுகம் உச்சத்துல இருந்தப்ப, சுமார் 21,000 வருஷத்துக்கு முன்ன, கடல் மட்டம் இப்ப இருக்கறத விட 120 மீட்டருக்கு மேல கீழ இருந்துச்சு. சிங்கப்பூர் அப்ப தீவே இல்ல, மலாயா, சுமத்ரா, போர்னியோ, ஜாவா எல்லாம் ஒரே தரை. அப்புறம் பனி உருகி கடல் ஏறி வருது, ஏறி வர்ற கரையோரம் மாங்குரோவ் காடு வளருது, நம்ம பிச்சாவரம் சுரபுன்னைக் காடு மாதிரின்னு வச்சுக்கோங்க. கடல் இன்னும் ஏறுனதும் அந்தக் காடு மூழ்கி அது மேல களி படியுது. அந்தக் களிதான் நீங்க தினமும் பாக்குற மேல் மரைன் கிளே, அடியில இருக்குறது காடு. இங்க மரீனா சவுத்ல எடுத்த கோர், அதாவது உருளையா எடுத்த சேத்த வச்சு நன்யாங் பல்கலைக்கழக ஆளுங்க 2021ல வெளியிட்ட ஆய்வுல, 9,500 வருஷத்துக்கு முன்ன கடல் இப்ப இருக்கறத விட 20 மீட்டர் போல கீழ இருந்துச்சுன்னும், 7,000 வருஷத்துக்கு முன்னாலயே கிட்டத்தட்ட இப்போதைய மட்டத்துக்கு வந்துருச்சுன்னும் காட்டுனாங்க. உங்க ஆழத்தையும் இதையும் பொருத்திப் பாருங்க. உங்க இலைக்கு வயசு பாக்காம எதுவும் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா கதை இந்தப் பக்கம்தான் போகுது.

ஏரிச் சேறும் இதே கணக்குதான். வருஷா வருஷம் மழைத்தண்ணி அடிச்சுட்டு வர்ற மண்ணு, காத்துல வந்து விழுற மகரந்தம், தண்ணியில வாழ்ந்து செத்த டயட்டம்ங்கற நுண்பாசி, எங்கயோ காடு எரிஞ்ச கரி எல்லாம் அடியில அடுக்கடுக்கா படியும். லேப்ல கோர் டியூப நீளவாக்குல பிளந்து, உள்ள இருக்குற சேத்த மெல்லிசு கம்பியால ரெண்டா அறுத்துத் திறப்போம். ஒவ்வொரு சென்டிமீட்டரா சுரண்டி எடுத்து மகரந்தத்தப் பிரிக்க கண்ணாடியையே அரிக்கிற ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட்ல போடுவோம், மண்ணெல்லாம் கரைஞ்சுடும், மகரந்தத்தோட தோல் மட்டும் கரையாது, அவ்வளவு கெட்டி. மைக்ராஸ்கோப்ல பாத்தா புல்லோட மகரந்தம் வழுவழுன்னு உருண்டையா ஒரே ஒரு ஓட்டையோட இருக்கும், மரத்துக்கு மரம் வடிவம் வேற. ஒரு சாம்பிளுக்கு 300 போல எண்ணனும், கழுத்து வலிச்சுடும். ஆனா புல் குறைஞ்சு மர மகரந்தம் ஏறுற அந்த இடம் கண்ணு முன்னாடி வரும்போது, மழை திரும்பி வந்துச்சுன்னு நாமளே நேர்ல பாத்த மாதிரி இருக்கும்.

அல்லி_டீச்சர்:
தம்பி மண்துளை, ராத்திரி தூக்கம் வராம யோசிச்சீங்க பாருங்க, அதப் படிச்சு மனசு நிறைஞ்சுபோச்சு. நான் இங்க உயர்நிலைப் பள்ளியில புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவ.

ஜப்பான்ல ஃபுக்குயி பக்கம் சுய்கெட்சுன்னு ஒரு ஏரி இருக்கு. ஆழத்துல ஆக்ஸிஜன் இல்ல, அதனால சேத்தக் கிளறிவிட புழு பூச்சி எதுவும் இல்ல. வசந்தத்துல டயட்டம் படிஞ்சு வெளிர் கோடு, மத்த மாசத்துல கருங்கோடு, வருஷத்துக்கு ஒரு ஜோடி, ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. அப்படி 45 மீட்டர், 70,000 வருஷம். 2018ல அதுக்குன்னே மியூசியம் திறந்தாங்க, மறுவருஷம் மகனோட போனேன். அந்த 45 மீட்டரையும் மெல்லிசா சீவி, பின்னால வெளிச்சம் வச்சு சுவர் நெடுக மாட்டியிருக்காங்க. முதல் ரெண்டு எட்டுலயே சோழர் காலத்தத் தாண்டிட்டேன், இன்னும் சுவர் போய்க்கிட்டே இருக்கு. அங்கேயே நின்னு அழுதுட்டேன்.

செங்காங்வாசி:
எல்லாம் சரி, இந்த வயசு கணக்குலதான் எனக்கு சந்தேகம். நம்ம ஊர்ல நாலு பருவமே இல்லையே, கோடு எண்ண முடியாது. செத்த பொருள்ல காலம் போகப்போகக் குறையுற கார்பன் 14 வச்சு வயசு பாக்கலாம்னு சொல்வீங்க, ஆனா ஆறு பழைய கட்டையையும் அடிச்சுட்டு வந்து போடும்ல, 2,000 வருஷத்துக் கட்டை 500 வருஷத்துச் சேத்துல கிடந்தா வயசு தப்பாதான வரும்?

வண்டல்வாசி:
நல்ல கேள்வி, இந்தத் தப்பு நிஜமாவே நடக்கும். அதனாலதான் மொத்தமா சேத்த எடுத்து வயசு பாக்குறத விட, ரொம்ப நாள் தாங்காத இலை, விதை மாதிரி பொருளாத் தேடுவோம். ஒரு இலை விழுந்து நூறு வருஷம் சுத்திக்கிட்டு இருக்காது. கடல் சிப்பிய எடுத்தா வேற பிரச்சனை, கடல் தண்ணியிலயே பழைய கார்பன் கலந்திருக்கும், அதுக்குத் தனியா திருத்தம் போடணும். ஆழத்துக்கு ஆழம் நிறைய வயசு எடுத்து, வரிசை மாறி வர்றதத் தனியா சோதிப்போம். டீச்சர் சொன்ன சுய்கெட்சுவுலயும் கோடு எண்ணுன வயசையும் அதே அடுக்குல இருந்த நூத்துக்கணக்கான இலைகளோட கார்பன் 14 அளவையும் சேத்து வச்சுப் பாத்துதான், கிட்டத்தட்ட 50,000 வருஷம் வரைக்கும் கார்பன் கணக்கையே திருத்துனாங்க. கடைசி 100, 150 வருஷத்துக்கு ஈயம் 210னு ஒரு கதிரியக்க ஈயம் இருக்கு, 22 வருஷத்துக்கு ஒருதரம் பாதியாகும். 1868ல கட்டி முடிச்ச மெக்ரிட்சி நீர்த்தேக்கம் மாதிரி இடத்துச் சேத்துக்கு அது கிட்டத்தட்ட சரியா வரும்.

இன்னொன்னு, ஒரே சாட்சிய நம்பி யாரும் தீர்ப்பு சொல்றதில்ல. ஹரியானாவுல கோட்லா தஹார்னு வத்திப்போன ஏரி இருக்கு. அங்க நத்தை ஓட்டுல ஆக்ஸிஜன் பாத்தாங்க, தண்ணி ஆவியாகும்போது லேசான ஆக்ஸிஜன் முதல்ல போயிடும், கனமானது தங்கி ஓட்டுல பதியும். சுமார் 4,100 வருஷத்துக்கு முன்ன பருவமழை சட்டுனு பலவீனமானது அதுல தெரிஞ்சுது, 2014ல வெளியாச்சு. சிந்துவெளி நகரங்கள் சுருங்குன காலமும் அதையொட்டித்தான் வருது. மழை குறைஞ்சது மட்டும்தான் காரணமான்னு இன்னும் வாதம் நடக்குது, நடக்கவும் வேணும்.

புதுவயல்_பையன்:
அண்ணே நானும் உங்க பக்கந்தான். கண்மாய் விஷயத்துல பெருசா எதிர்பாக்காதீங்க. எங்க அய்யா சித்திரை வைகாசியில கண்மாய் வண்டல வண்டி வண்டியா அள்ளி வயலுக்கு அடிப்பாரு, ஊரே அள்ளும். தூர் வாருனா அந்த அடுக்கு போயிருச்சுல்ல. தப்பிச்ச இடமும் கோடையில காஞ்சு பாளம் பாளமா வெடிக்கும், சின்ன வயசுல முழங்கை வரைக்கும் உள்ள கைய விட்டுப் பாத்திருக்கேன், அடுத்த மழையில மேல் மண்ணு அந்த வெடிப்புக்குள்ள இறங்கிடும். எந்த வருஷம் எங்க இருக்குன்னு யாரால சொல்ல முடியும்? ஆனா அது குத்தமில்ல, கண்மாய் விவசாயத்துக்கு வெட்டுனது, அந்த வண்டல்தான் எங்களுக்கு சோறு போட்டுச்சு.

வண்டல்வாசி:
புதுவயல் சொன்னது அப்படியே சரி, காயாம கலையாம இருக்குற இடம் வேணும். தமிழ்நாட்டுல அதுக்கு நீலகிரி. ஊட்டிப் பக்கம் மேட்டுச் சதுப்புல இருக்குற பீட்ட வச்சு 1993லயே நேச்சர் இதழ்ல கட்டுரை வந்துச்சு. வறட்சி தாங்குற புல் வகையோட கார்பனும் மத்த செடிகளோட கார்பனும் வேற வேற, அதப் பிரிச்சுப் பாத்து பனியுக உச்சத்துல அங்க வறட்சி, 9,000 வருஷம் வாக்குல நல்ல ஈரம்னு சொன்னாங்க. சோலைக்காடு அருகாமையில நம்ம சொந்த மண்ணுலயே அவ்வளவு பழைய ஏடு கிடக்குது.

அண்ணே, இங்க சிங்கப்பூர் நிலத்துல 30 சதவீதம் கடல் மட்டத்துல இருந்து 5 மீட்டருக்கும் குறைவு. கடல் முன்ன எவ்வளவு வேகமா ஏறுச்சுங்கறதுக்கு சாட்சி உங்க டியூப் மாதிரி ஆழத்துலதான் கிடக்குது. சாம்பிள் கம்பெனியோடது, கிளையண்டோடது, அதனால கேக்காம எதையும் வெளிய எடுத்துட்டு வராதீங்க. எஞ்சினியர்கிட்ட சொல்லி, டெஸ்ட் முடிஞ்சு தூக்கிப் போடுறதுக்கு முன்ன கேட்டு வாங்க முடியுமான்னு பாருங்க. பிளாஸ்டிக் ராப்ல இறுக்கிச் சுத்தி, எது மேல்பக்கம்னு அம்புக்குறி போட்டு, குளிர்ல வைக்கணும். காஞ்சா போச்சு.

மண்துளை:
இன்னிக்கு காலையில எஞ்சினியர்கிட்ட கேட்டேன். முதல்ல எதுக்குன்னாரு, டீச்சர் சொன்ன 45 மீட்டர் சுவரச் சொன்னேன், கொஞ்ச நேரம் பேசாம நின்னுட்டு, கிளையண்டுக்கு மெயில் போடுறேன்னாரு. அதுவரைக்கும் அந்தத் துண்ட ராப் சுத்தி, ரெண்டு முனையிலயும் மெழுகு ஊத்தி, போர்ஹோல் நம்பர், 21.40ல இருந்து 21.60 மீட்டர், மேல் பக்கம் அம்புக்குறி எல்லாம் எழுதி சைட் ஆபீஸ் ஃபிரிட்ஜுல வச்சிருக்கேன். அடுத்த போர்ஹோல் 40 மீட்டர் தள்ளி நாளைக்கு ஆரம்பிக்கிறோம். அங்கயும் அதே ஆழத்துல கருப்பு வருதான்னு பாத்துட்டு எழுதுறேன்.