டீப் டிஷ்யூவா, ஸ்வீடிஷா: வலித்தால்தான் மசாஜா?

மேசைவாசி:
நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலை. சாயங்காலம் ஆனால் கழுத்தும் தோள்பட்டையும் கல் மாதிரி இறுகிவிடுகின்றன. அடிபடவில்லை, விழவில்லை. மசாஜ் போகலாம் என்று பார்த்தால் ஸ்வீடிஷ், டீப் டிஷ்யூ, தாய், ஷியாட்சு, ஹாட் ஸ்டோன் என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு எது சரிப்படும்?

முரட்டுக்கை:
யோசிக்கவே வேண்டாம், டீப் டிஷ்யூ. ஸ்வீடிஷ் என்பது எண்ணெய் தடவி, நீவி விட்டு, தூங்க வைத்து அனுப்புவது. மறுநாள் அதே கழுத்து, அதே வலி. டீப் டிஷ்யூவில் முழங்கையை மெதுவாக இறக்கி, தோள்பட்டை எலும்பின் உள்ஓரத்தில் முடிச்சு எங்கே இருக்கிறதோ அங்கேயே நிறுத்தி அழுத்துவார்கள். கண்ணில் தண்ணீர் வரும், வரட்டும். வலித்தால்தான் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். தேங்கிக் கிடக்கும் லாக்டிக் அமிலம், கழிவு எல்லாம் அதில்தான் வெளியேறும்.

நிதானி:
லாக்டிக் அமிலம் தசை கடுமையாக உழைக்கும்போது சேர்வது. உட்கார்ந்த இடத்தில் தட்டச்சு செய்பவருக்கு அது எங்கிருந்து தேங்கியது? மூச்சு வாங்க ஓடினால்கூட ஒரு மணி நேரம் போல் ஓய்வெடுத்தால் அந்த அளவு தானாகவே இறங்கிவிடும். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன, முழங்கை வேண்டாம்.

வலி விஷயத்துக்கு வருகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு படுத்திருப்பவரின் தசை இன்னும் இறுகத்தான் செய்யும், தளராது. "வலிக்கிறது, ஆனால் சுகமாக இருக்கிறது" என்று சொல்லும் அளவு சரி, வலி பத்துக்கு ஆறு, ஏழு என்ற அளவைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அப்புறம், ஸ்வீடிஷ் என்றாலே மென்மை என்று யார் சொன்னது? 19ஆம் நூற்றாண்டில் டச்சு மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர் வகைப்படுத்திய நீவுதல், பிசைதல், தேய்த்தல், தட்டுதல் எல்லாம்தான் அதன் அடிப்படை. அந்தப் பிசைதலையே அழுத்திச் செய்தால் தோளுக்கு நன்றாகவே உறைக்கும். முதல் முறை போகிறவர் அதில் தொடங்கி, போதவில்லை என்றால் கூட்டிக்கொள்ளலாம்.

முரட்டுக்கை:
அமிலம் எப்படியோ போகட்டும். நான் பேசுவது அனுபவம். மென்மையாகச் செய்துகொண்டால் அன்று ராத்திரி நல்ல தூக்கம், அவ்வளவுதான். டீப் டிஷ்யூ செய்துகொண்டால் ஒரு நாள் உடம்பு கனத்தாலும் அடுத்த சில நாட்களுக்குக் கழுத்து முழுதாகத் திரும்பும். எனக்கு எது வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியாதா?

பிசியோ:
இருவரும் மசாஜின் பெயருக்காகச் சண்டை போடுகிறீர்கள். மேசைவாசி எதற்காகப் போகிறார் என்பதுதான் முதல் கேள்வி. தூக்கம், மனஅழுத்தம் என்றால் மிதமான ஸ்வீடிஷ் போதும். ஒரே இடத்தில் நாள்பட்ட பிடிப்பு என்றால் டீப் டிஷ்யூ பொருந்தும், அதுவும் உடம்பு முழுக்க அல்ல, அந்த இடத்தில் மட்டும். இடுப்பும் தொடையும் மடங்க மறுக்கின்றன என்றால் தாய் மசாஜ்: எண்ணெய் இல்லை, தளர்வான உடையோடு தரையில் மெத்தையில் படுக்க வைத்துக் கை காலை இழுத்து நீட்டி விடுவார்கள். உடை கழற்றக் கூச்சப்படுகிறவர்களுக்கும் அதுவோ, உடையோடே விரலால் அழுத்தும் ஜப்பானிய ஷியாட்சுவோ வசதி.

"வலித்தால்தான் பலன்" என்பதற்கு நேர் எதிரான மசாஜும் உண்டு. 1930களில் டென்மார்க்கின் வோடர் தம்பதி உருவாக்கிய நிணநீர் வடிகால் முறையில் (திசுக்களில் தேங்கும் நீரை வடிய வைக்கும் மசாஜ்) தோலை மட்டும் மிக லேசாக நகர்த்துவார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு கை வீங்குகிறவர்களுக்குப் பயிற்சி பெற்றவர்கள் செய்வது அதுதான். அங்கே போய் முழங்கையை வைத்தால் விபரீதம்.

யார் போகக்கூடாது என்பதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை? காய்ச்சல் இருந்தால் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அங்கே கை வைக்கவே விடாதீர்கள், நேராக மருத்துவமனைதான். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நிலையில் உள்ளவர்களும் அழுத்தமான மசாஜ் பக்கம் போக வேண்டாம். கழுத்தின் முன்பக்கத்தை யார் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அழுத்த விடாதீர்கள்.

சந்தேகி:
எந்த மசாஜும் வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா? கீழ்முதுகு வலிக்கு மசாஜ் பற்றி மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட மதிப்பாய்வைப் பாருங்கள்: கிடைத்தால் குறுகிய கால நிவாரணம், அதற்கும் ஆதாரம் பலவீனம். திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், தோளுக்குப் பயிற்சி செய்யுங்கள். காசும் மிச்சம்.

நிதானி:
அது கீழ்முதுகு, இவர் கேட்பது கழுத்து. பயிற்சி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே? கழுத்தைத் திருப்பவே முடியாதவரிடம் பயிற்சி செய் என்றால் எப்படிச் செய்வார்? அந்தக் குறுகிய கால நிவாரணத்தை வைத்துக்கொண்டுதான் தொடங்க முடியும்.

சந்தேகி:
தொடங்குகிறவர்கள் எத்தனை பேர், அடுத்த மசாஜுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் எத்தனை பேர்?

மேசைவாசி:
சரி, நிதானி சொன்னபடி ஸ்வீடிஷில் தொடங்குகிறேன், தோளில் மட்டும் அழுத்தம் கூட்டச் சொல்கிறேன். ஒரு சின்ன விஷயம், இடது கை சுண்டுவிரலும் அதன் பக்கத்து விரலும் சில நாள் மரத்துப்போகின்றன. அதையும் மசாஜ் செய்கிறவரிடம் சொல்ல வேண்டுமா?

பிசியோ:
சின்ன விஷயமா! முன்பதிவை நிறுத்துங்கள். கழுத்திலோ முழங்கையிலோ நரம்பு அழுந்துகிறதா என்று முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். பிடிமானம் குறைகிறதா, கையில் எடுத்த பொருள் நழுவுகிறதா என்று கவனித்து அதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர் பார்த்துச் சரி என்ற பிறகு மசாஜ் பற்றி யோசிக்கலாம்.

முரட்டுக்கை:
விரல் மரத்துப்போகிறது என்றால் நானும் அழுத்தச் சொல்ல மாட்டேன். மற்றபடி டீப் டிஷ்யூ பற்றி நான் சொன்னதில் மாற்றமில்லை.