கட்டட ஒப்பந்த வழக்கு: பிராதை (வழக்கு மனுவை) நிராகரிக்கக் கேட்க காலக்கெடு உண்டா?

கேள்வி:
கோவையில் கட்டட கான்ட்ராக்ட் எடுப்பவன். குடோன் தளம் விரிசல் விட்டதாகச் சொல்லி, ஒரு நிறுவனம் 18 லட்சம் கேட்டு வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறது. அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்கவில்லை. வழக்குக்கு முன் சமரசத்துக்கும் யாரும் கூப்பிடவில்லை. சம்மன் வந்து மூன்று வாரம் ஆகிறது. பிராதை நிராகரிக்க மனு போட்டால், அது முடியும்வரை எதிருரை (வழக்குக்கு எழுத்துப்பூர்வ பதில்) வேண்டாமா?

பதில் 1:
அப்படி நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள் சார். நான் சிவில் வழக்கறிஞர். பிராதை நிராகரிக்கக் கேட்பது சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7 விதி 11 மனு; அதற்குத் தனிக் கெடு இல்லை, எந்தக் கட்டத்திலும் போடலாம். ஆனால் எதிருரைக்கு சம்மன் கைக்கு வந்ததிலிருந்து 30 நாள். காரணம் காட்டி, செலவுத்தொகை கட்டினால் 120 நாள் வரை. அதற்கு மேல் நீதிபதி நினைத்தாலும் தர முடியாது. 2019இல் எஸ்.சி.ஜி. கான்ட்ராக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. அங்கேயும் நிராகரிப்பு மனு போட்டிருந்தார்கள், அது காப்பாற்றவில்லை. இரண்டையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். சமரசம் இல்லாதது உங்களுக்கு நல்ல பிடி. வழக்குக்கு முன் சமரசம் பற்றிய வணிக நீதிமன்றச் சட்டப் பிரிவு 12ஏ கட்டாயம் என்று 2022இல் தீர்ப்பு வந்துவிட்டது.

பதில் 2:
ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (தகராறை நடுவர் மூலம் தீர்க்கும்) பிரிவு இருக்கிறதா? இருந்தால் வழக்கை நடுவரிடம் அனுப்பக் கேட்கும் ஆர்பிட்ரேஷன் சட்டப் பிரிவு 8 மனுவை எதிருரைக்கு முன்போ, கூடவேயோ போட வேண்டும். பிந்தினால் அந்த வழி அடைபடும்.

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது, கடைசிப் பக்கத்தில்.

பதில் 1:
அப்படியென்றால் முதலில் அந்த மனு. நாளைக்கே சம்மன் உறையோடு வக்கீலைப் பாருங்கள், கைக்கு வந்த தேதி முக்கியம்.