நேப்டன் லாக்குகளில் ஒரு நாள்

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட் என்ற ஒடுக்கமான நீளப் படகை எடுத்துப் போக எந்த வழி நல்லது என்று யார் கேட்டாலும் ஆக்ஸ்ஃபோர்ட் கால்வாயைத்தான் சொல்வேன். அதிலும் வார்விக்‌ஷயரில் நேப்டனிலிருந்து ஃபென்னி காம்ப்டன் வரை உள்ள பகுதி. கவென்ட்ரியில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கோடையில் போயிருந்தபோது ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுத்தோம். அதில் இந்த ஒரு நாளை மட்டும் எழுதுகிறேன், வழியில் சந்தித்தவர்களுக்காக.

படகைப் பற்றி முதலில் கொஞ்சம். அகலம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு, நீளம் எழுபதடி வரைகூட இருக்கும். உள்ளே அடுப்பு, மேசை, குளியலறை, கட்டில் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக. ஓட்டுபவர் பின்பக்கம் நின்றுகொண்டு சுக்கானைப் பிடிக்க வேண்டும். கட்டையை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் கட்டியிருக்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நீரின் இழுப்பில் அவர்கள் அடித்திருக்கும் முளையே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும்.

நேப்டனில் குன்றின் உச்சியில் ஒரு பழைய காற்றாலை நிற்கிறது. கால்வாய் அந்தக் குன்றைச் சுற்றி வளைந்து வருவதால் ஆலை ஒரு சமயம் இடப்பக்கம் தெரியும், இன்னொரு சமயம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதைத் தாண்டியதும் லாக்குகள் ஆரம்பம், அதாவது படகைத் தண்ணீரோடு ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், மேடு ஏற மொத்தம் ஒன்பது. படகைத் தொட்டிக்குள் விட்டுக் கீழ்க்கதவை மூடி, மேல்பக்க மதகைக் கைப்பிடியால் சுற்றித் திறந்தால் தண்ணீர் நிறைந்து படகு தானே உயரும். மேல்மட்டத்துக்கு வந்ததும் நீண்ட மரக்கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளிக் கதவைத் திறக்க வேண்டும். மோட்டார் கிடையாது, மின்சாரமும் கிடையாது.

முதல் லாக்கில் நீல நிற உடையில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். 2012 முதல் இந்தக் கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட்டின் தன்னார்வலர். ஓய்வு பெற்ற பிறகு வாரம் இரண்டு நாள் வருகிறாராம். தொட்டி நிறைந்திருந்தது. மேலே போகும் நாங்கள் நுழைய வேண்டுமானால் அதைக் காலி செய்தாக வேண்டும். "கொஞ்சம் பொறுங்கள், மேலே ஒரு படகு இறங்கி வருகிறது. அவர்கள் இந்தத் தண்ணீரிலேயே இறங்கட்டும், நீங்கள் அவர்கள் விட்ட இடத்தில் நுழையலாம்" என்றார்.

அவர் அதோடு விடவில்லை. ஒரு லாக்கைக் காலி செய்தால் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் கீழே போய்விடுகிறது. அது வருவது மேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பாடிங்டன், வொர்ம்லைட்டன், கிளாட்டர்கோட் ஏரிகளிலிருந்து. மழை பெய்தால்தான் அவை நிறையும். அதனால் எதிரே வருபவருக்காக நிற்பதும், அவருக்காகக் கதவைத் திறந்து வைப்பதும் வெறும் மரியாதை இல்லை, ஏரித் தண்ணீரைக் காப்பாற்றுகிற வேலை என்றார். கடைமடைக்குத் தண்ணீர் வருமா என்று கவலைப்பட்டு வளர்ந்த எனக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

இறங்கி வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி. கணவர் சுக்கானில், அந்த அம்மா கையில் மதகு திறக்கும் கைப்பிடியோடு கரையில். எங்கள் படகு உள்ளே வந்ததும் அந்த அம்மாவே கீழ்க்கதவைத் தள்ளி மூடிவிட்டு, "அடுத்த இரண்டும் உங்களுக்குத் தயாராக இருக்கின்றன. மூன்றாவதில் பக்கத்து வயலைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தால் எருமைகள்! வார்விக்‌ஷயர் புல்வெளியில் கறுகறுவென்று எருமைக் கூட்டம். அக்கா மதகுக் கைப்பிடியைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் போய் நின்றுவிட்டாள். பாலுக்காக வளர்க்கிறார்களாம்.

மார்ஸ்டன் டோல்ஸில் கடைசி லாக்கைத் தாண்டினால் பதினொரு மைலுக்கு லாக்கே கிடையாது. கால்வாயைத் திட்டமிட்ட ஜேம்ஸ் பிரிண்ட்லி கூடுமானவரை மேடுகளை வெட்டாமல் நிலத்தின் சம உயரத்தையே பிடித்துக்கொண்டு போனவர். வேலை முடிந்து ஆக்ஸ்ஃபோர்ட் வரை படகு போனது 1790இல்தான், அதற்கு முன் 1772இலேயே அவர் இறந்துவிட்டார். நேராகப் போனால் பாதித் தூரம்கூட இராது. வொர்ம்லைட்டன் குன்றை மூன்று பக்கமும் சுற்றிக்கொண்டு போகிறது கால்வாய். ஆனால் இந்த வளைவுகளில்தான் இந்தப் பயணத்தின் சுகமே இருக்கிறது. பழைய உழவின் மேடுபள்ளம் புல்லுக்கடியில் இன்னும் வரிவரியாகத் தெரிகிறது. சில செங்கல் பாலங்களின் விளிம்பில், குதிரைகள் இழுத்த கயிறு அறுத்து அறுத்து உண்டாக்கிய பள்ளங்களை விரலால் தொட்டுப் பார்க்கலாம்.

ஃபென்னி காம்ப்டன் படகுத்துறையைத் தாண்டியதும் கால்வாய் மிகவும் குறுகுகிறது. முன்பு அங்கே கால்வாய் ஒரு சுரங்கப்பாதைக்குள் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூரையை எடுத்துவிட்டார்கள். எதிரே நிலக்கரி மூட்டையும் எரிவாயு சிலிண்டரும் ஏற்றிய படகு ஒன்று வந்தது. ஓட்டி வந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். அகலமான இடத்தில் ஒதுங்கி நின்று வழிவிட்டோம். டீ வேண்டுமா என்று அத்தான் கேட்டதும் அவரும் படகைக் கட்டிவிட்டு வந்தார்.

படகிலேயே வசிக்கிறார். நிலையான கட்டுதுறை இல்லாத படகு ஓரிடத்தில் பதினான்கு நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது 1995 சட்டம். குளிர்காலத்தில் நீர் உறைந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மெல்லிய பனி என்றால் உடைத்துக்கொண்டு போவேன். கெட்டியானால் நடந்து போய் மூட்டை கொடுப்பேன். அன்றைக்குத்தானே அவர்களுக்கு நிலக்கரி தேவை?" என்றார். 1963இன் கடும் உறைபனியோடு பெரும்பாலான சரக்குப் படகுகளின் காலம் முடிந்தது என்று படித்திருக்கிறேன். அந்தத் தொழிலில் கொஞ்சத்தை இவர் ஒருவராக இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார். அத்தான் இரண்டு மூட்டை வாங்கினார். கோடையில் எங்களுக்கு எதற்கு? வாங்க வேண்டும் என்று தோன்றியது, வாங்கினோம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று: நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்ப்புக்காகச் சில லாக்குகளை மூடுவார்கள். வறண்ட கோடையில் லாக்குகள் திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பதும் உண்டு. டிரஸ்ட்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு வாரநாளில் புறப்படுங்கள். தன்னார்வலர் இருந்தால் அவரிடம் கட்டாயம் பேச்சுக் கொடுங்கள்.