தேசத்துக்கு ஒரு தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி: முதல் கையெழுத்து எதுல?

மஞ்சக்குப்பம்_மாணவன்:
அமெரிக்காவுல 2009-ல ஒபாமா இந்தப் பதவியை உருவாக்கி அனீஷ் சோப்ராவை உட்கார வச்சார். நம்ம நாட்டுக்கு அப்படி ஒருத்தர் வந்தா முதல்ல எதைக் கையில எடுக்கணும்? காலேஜ் பட்டிமன்றத்துல எனக்கு இதுதான் தலைப்பு. பசங்க ஏஐ, 6ஜின்னு அடுக்குறாங்க. எனக்கு ஒட்டலை.

வீராம்பட்டினம்_அக்கா:
தம்பி, நான் பொது சேவை மையம் நடத்துறவ, கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

மக்கள் காசுல சேர்த்த தகவலை முதல்ல திறந்து விடணும். ஆப் எல்லாம் அப்புறம். 1998-ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரை மையமா வச்சு கிராமத் தகவல் மையங்கள் ஆரம்பிச்சாங்க. அமெரிக்கக் கடற்படை இணையத்துல போடுற அலை உயரக் கணிப்பை வில்லியனூர்ல இறக்கி எங்க ஊருக்கு அனுப்புவாங்க. இங்க அதைத் தமிழ்ல ஒலிபெருக்கியில சொல்லுவாங்க. கடலுக்குப் போகலாமா வேண்டாமான்னு கரையில நின்னே முடிவு பண்ணிக்கலாம். லாகின் கிடையாது, மனு கிடையாது. அதைப் பொதுவுல விட்ட ஆளுக்கு வீராம்பட்டினம்னு ஒரு ஊர் இருக்கறதே தெரிஞ்சிருக்காது!

2004 சுனாமியில நல்லவாடு தப்பிச்சதும் இப்படித்தான். சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்ப் பிள்ளை போன் போட்டார், தகவல் மைய ஒலிபெருக்கியில கத்தினாங்க, ஜனம் ஓடிடுச்சு.

இப்போ ஹைதராபாத்ல இருக்குற நம்ம அரசோட கடல் தகவல் மையம் இன்காய்ஸே அலைக் கணிப்பு தருது, சந்தோஷம். ஆனா ஒரு துறையோட மானியப் பட்டியல் தேடினேன் பாருங்க, கிடைச்சது சாய்வா ஸ்கேன் பண்ணின பிடிஎஃப். பேர் மேலயே சீல். தேடல் வேலை செய்யாது, விரலை வச்சு வரி வரியாப் பார்க்கணும்.

முதுநகர்_கோடர்:
அக்கா, திறந்த தரவுத் தளம் நம்ம நாட்டுலயும் 2012-லயே வந்தாச்சே. எனக்கு டெண்டர்தான் முதல். அமெரிக்க அரசோட மருத்துவக் காப்பீட்டுத் தளம் ஹெல்த்கேர் டாட் கவ் 2013 அக்டோபர் 1 திறந்தப்போ முதல் நாள் பதிவு முடிச்சவங்க 6 பேர். பல கம்பெனிக்குப் பிரிச்சுக் கொடுத்து, முழுசா ஓட்டிப் பார்க்காமலே திறந்துட்டாங்க. பட்ட பிறகு 2014-ல அரசுக்குள்ளேயே இன்ஜினியர்களை வச்சு யுஎஸ் டிஜிட்டல் சர்வீஸ் ஆரம்பிச்சாங்க. டெண்டரைப் படிச்சுக் கேள்வி கேக்குற ஆள் உள்ள இல்லைன்னா, தலைமை அதிகாரி ரிப்பன்தான் வெட்டலாம்.

வீராம்பட்டினம்_அக்கா:
தளம் இருக்கு தம்பி, துறைங்க அதுல ஒழுங்காப் போட்டாத்தானே? உங்க இன்ஜினியர்களையும் வேணாங்கலை. ஒரு வாரம் என் கவுண்டர்ல உட்காரட்டும். மனு போட வர்ற பொம்பளைக்கு ஓடிபி வீட்டுக்காரர் நம்பருக்குப் போகும். அவர் ஆழ்கடல்ல, டவர் கிடையாது. படகு கரைக்கு வர்றதுக்குள்ள விண்ணப்பத்தோட கடைசித் தேதியே தாண்டிடும்.

மஞ்சக்குப்பம்_மாணவன்:
அக்கா, இந்த ஓடிபி கதையை மேடையில சொல்லிக்கட்டுமா?

வீராம்பட்டினம்_அக்கா:
தாராளமா. அந்த சாய்ஞ்ச பிடிஎஃப்பும் வேணுமா, அனுப்புறேன்.