வேலூரில் ஒரு எஸ்பிரெசோ கிரைண்டர்: வைத்துப் பராமரித்த அனுபவம்

எஸ்பிரெசோ மெஷினுக்குப் பெரிய தொகை போடத் தயாராக இருப்பவர்கள்கூட, காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டருக்கும் அதே அளவு பணமா என்று கேட்கிறார்கள். ஆமாம், அதே அளவு போடுங்கள், முடிந்தால் கொஞ்சம் கூடவே போடுங்கள் என்றுதான் சொல்வேன். 9 பார் அழுத்தத்தில் வெந்நீர் தூளுக்குள் புகுகிறது. 18 கிராம் தூளில் இருந்து சுமார் 36 கிராம் காபி 25, 30 நொடிக்குள் இறங்க வேண்டும். தூள் சீராக இல்லாவிட்டால் தண்ணீர் லேசான இடம் பார்த்துப் பிய்த்துக்கொண்டு ஓடிவிடும். ஒரே வாயில் புளிப்பும் கசப்பும் வருவது அதனால்தான். அதற்கு மேல் எவ்வளவு நல்ல மெஷின் இருந்தும் பயனில்லை.

என்னுடையது இத்தாலியில் செய்தது, 64 மில்லிமீட்டர் தட்டை பர் (கொட்டையை அரைக்கும் பல் வைத்த எஃகு வட்டு). வாங்கும் முன் எல்லாரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: ரிப்பேர் வந்தால் காட்பாடியில் யார் பார்ப்பார்கள்? அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம் பக்கம் ராணிப்பேட்டை சிப்காட் இருக்கிறது, அதை நம்பி லேத் பட்டறைகள் இருக்கின்றன. போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் இருக்கின்றன. காபி கிரைண்டரை அவர்கள் பார்த்ததில்லைதான். ஆனால் அதற்குள் இருப்பது ஒரு மோட்டார், ஒரு ஷாஃப்ட், இரண்டு எஃகு வட்டு. அவ்வளவையும் அவர்கள் தினமும் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

முதல் சிக்கல் வாங்கிய புதிதிலேயே வந்தது. தூளின் அளவை மாற்றும் டயலை எவ்வளவு பொடியாக வைத்தாலும் ஷாட், அதாவது இறங்கும் காபி, ஒரு நாள் இழுக்கும், மறுநாள் கொட்டும். பர் இரண்டும் உரசும் சத்தம் கேட்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே கேட்டது. விற்றவர்களுக்கு வீடியோ அனுப்பினால், "அது நார்மல்தான் சார்" என்று பதில். எனக்கு மனசு கேட்கவில்லை. மேல் பரையும் அது உட்காரும் தாங்கியையும் கழற்றித் துணியில் சுற்றி ராணிப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பட்டறை பாய் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இன்னா சார் இது, மாவு மிஷின் கல்லு மாதிரி கீது?" என்றார். காபிக்கொட்டை அரைப்பது என்றதும், "அப்ப முகம் ஆடக் கூடாதே" என்று சொல்லிவிட்டு, பரப்பின் மேடு பள்ளத்தை ஊசியால் காட்டும் டயல் கேஜை எடுத்தார். நான் விளக்கம் சொல்லவே தேவைப்படவில்லை.

ஊசி ஆடியது. ஒரு தேய் தேய்த்துக் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர் மறுத்துவிட்டார். உலோகத்தை எடுத்தால் திரும்ப வைக்க முடியாது, முதலில் சீட்டிங்கைப் பார்க்கலாம் என்று பரைக் கழற்றினார். அது உட்காரும் பரப்பில், திருகு ஓட்டைக்குப் பக்கத்தில், ஒரு துளி பெயின்ட் காய்ந்து நின்றது. அதைச் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, மூன்று திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் வட்டு சாய்ந்துவிடும் என்றார். ஊசி ஏறக்குறைய அசையாமல் நின்றது. காசு வாங்க மறுத்தார், கட்டாயப்படுத்தித்தான் கொடுத்தேன். இந்த மாதிரி ஒரு கைப்பக்குவம் இருபது கிலோமீட்டருக்குள் கிடைக்கிறது என்பதை நம் ஊர்க்காரர்கள் இன்னும் கொஞ்சம் பெருமையாகப் பேச வேண்டும்.

டயல் கேஜ் இல்லாமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. பரின் வெளி விளிம்பில் ஒயிட்போர்டு மார்க்கரால் கோடு போடுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டும் தொடும்வரை டயலை மூடி, கையால் சுற்றுங்கள். மை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அழிந்தால் சரி. ஒரு பக்கம் மட்டும் அழிந்தால் எதிர்ப் பக்கம் தாழ்ந்திருக்கிறது. சமையலறை அலுமினியத் தாளைச் சின்னதாக வெட்டி, தாழ்ந்த பக்கத்தில் பர் வட்டுக்கு அடியில் வையுங்கள். அந்தத் தாளின் கனம் சுமார் 10 முதல் 20 மைக்ரான். எஸ்பிரெசோவுக்கு அதுவே பெரிய வித்தியாசம். சுத்தம் செய்து மாட்டும் ஒவ்வொரு முறையும் சீட்டிங்கில் ஒரு துகள்கூட இல்லை என்று விரலால் தடவிப் பார்ப்பது இப்போது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அடுத்தது வெயில். கத்திரி நேரத்தில் காற்றில் ஈரமே இல்லாமல் போகும்போது, அரைத்த தூளில் நிலைமின்சாரம் ஏறி, வாய்க்குழாயில் அப்பிக்கொள்ளும், மேடையெல்லாம் பறக்கும். ஈரம் குறைந்த கறுப்பு வறுவலில் இது இன்னும் மோசம். கொட்டையை எடை போட்ட பிறகு, ஸ்பூன் காம்பை நனைத்து ஒரு கிளறு கிளறிவிட்டு அரைத்தால் போதும். காபி ஆட்கள் இதை ஆர்.டி.டி. (ராஸ் டிராப்லெட் டெக்னிக்) என்பார்கள். ஒரேகான் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோபர் ஹெண்டன் குழு 2023-இல் இதை அளந்து பார்த்து எழுதினார்கள்: கொட்டையில் துளி ஈரம் இருந்தால் மின்னேற்றம் குறைகிறது, தூள் கட்டியாவதும் குறைகிறது, காபியும் கெட்டியாக இறங்குகிறது. துளி என்றால் துளிதான். எஃகு பரில் ஈரம் தங்கினால் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நான் தண்ணீர்ப் பக்கமே போவதில்லை, தேவையும் இல்லை.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். ஒரு நாள் சுவிட்ச் போட்டால் உம்மென்று உறுமல் மட்டும் வந்தது, பர் சுற்றவில்லை. உடனே அணைத்துவிட்டேன், அப்படியே விட்டால் காயில் எரிந்துவிடும். காயில் கட்டும் கடைக்காரர் போனில் சத்தத்தைக் கேட்டதுமே, "கன்டென்சர் போயிடுச்சு சார், ஃபேன்ல போற மாதிரிதான்" என்றார். பழையதில் எழுதியிருந்த அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டில் ஒன்று போட்டார். மெஷின் முன்பு போலவே ஓடுகிறது. நீங்களே மாற்றுவதாக இருந்தால் ஜாக்கிரதை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் கரண்ட் தங்கியிருக்கும்.

வீட்டில் இருப்பது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால், கரண்ட் போன நேரத்தில் கிரைண்டரை ஓட்டாதீர்கள். இண்டக்‌ஷன் மோட்டார் அதில் இரைந்துகொண்டு சூடாகும். சைன் வேவ் என்றால் பயமில்லை. அப்புறம், அமெரிக்காவில் இருக்கும் சொந்தக்காரர் அங்கே மலிவாகக் கிடைக்கிறது, வாங்கி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் 50 ஹெர்ட்ஸில் அந்த மாதிரி மோட்டாரின் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் ஏறும்.

கல். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பர் போவது பெரும்பாலும் தேய்ந்து அல்ல. நாளைக்கு 40 கிராம் அரைத்தாலும் வருடத்துக்கு 15 கிலோ வராது. கடைகளுக்காகச் செய்த எஃகு பர் சில நூறு கிலோ தாங்கும். ஆனால் களத்தில் காய்ந்த கொட்டையோடு வரும் ஒரு பொடிக்கல், பல்லை ஒரே நொடியில் பெயர்த்துவிடும். எங்கள் வீட்டில் அம்மாதான் கொட்டையைத் தட்டில் பரப்பிக் கல் பொறுக்கித் தருகிறார், துவரம்பருப்புக்குப் பார்க்கும் அதே கண்ணோடு. ஒரு முறை பீபரியில் (உருண்டையாக வரும் ஒற்றைக் கொட்டை) அதே நிறம், அதே உருண்டையில் ஒரு கல்லை எடுத்துக் காட்டினார். நான் தாண்டிப் போயிருப்பேன்.

சுத்தம் செய்ய அரிசி போட்டு அரைக்கச் சொல்பவர்கள் இங்கேயும் உண்டு. போடாதீர்கள். பச்சரிசி காபிக்கொட்டையைவிடக் கடினம், மோட்டார் திணறும், மாவு இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். திறந்து, காய்ந்த பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் வைத்து இழுத்தால் போதும். எண்ணெய் மினுக்கும் கறுப்பு வறுவல் வாங்குபவர்கள் அடிக்கடி திறக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கு வாடை அடுத்த காபியில் ஏறும். சிக்கரி கலந்ததை இதற்குள் போடவே கூடாது. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும்.

அம்மாவின் பில்டருக்கும் இதிலேயே அரைக்கிறேன். எஸ்பிரெசோ அளவிலேயே விட்டால் டிகாக்‌ஷன் இறங்காது, அதனால் டயலை நன்றாகத் தள்ளிக் கரகரப்பாக வைக்க வேண்டும். திரும்ப எஸ்பிரெசோவுக்கு வரும்போது முதல் சில கிராம் வீண்தான், பழைய தூள் உள்ளே நிற்கும். இரண்டுக்கும் டயலில் பென்சில் குறி போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாரத்துக்கு வேண்டிய பில்டர் தூளை மொத்தமாக அரைத்து, சிக்கரியைப் பிறகு தனியாகக் கலந்துகொள்கிறோம்.

இந்தப் பக்கம் யாராவது வாங்குவதாக இருந்தால், பர், கன்டென்சர் இரண்டும் தனியாகக் கிடைக்குமா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மார்க்கர் சோதனை செய்து பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், குடியாத்தம் வரை நானே வந்து பார்த்துத் தருகிறேன்.